பல்லும் தாடையும் சொல்லும் சாப்பாட்டுக் கதை: அழிந்துபோன ஊர்வனவற்றின் உணவைக் கண்டறிய ஒரு முழுமையான வழிகாட்டி

அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த மாபெரும் எலும்புகளை 1987-இல் யாதகிரி, அய்யாசாமி என்ற இரு ஆய்வாளர்கள் விவரித்து, அந்த விலங்குக்கு ப்ருஹத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். இடுப்பெலும்பு, தொடையெலும்பு, வால் முள்ளெலும்பு என்று சில பெரிய துண்டுகள் இருந்தன. அவற்றைப் பார்த்து அதை ஊனுண்ணி டைனோசர்களின் வரிசையில் சேர்த்தார்கள். பின்னால் வந்தவர்கள், இது நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி என்று மாற்றினார்கள். மண்டையோடு கிடைக்கவில்லை, ஒரு பல்லும் கிடைக்கவில்லை. அந்த எலும்புகளே பிறகு சிதைந்து போய்விட்டன. சுண்டுவிரல் அளவுக்கு ஒரு பல் அகப்பட்டிருந்தால் இறைச்சியா இலையா என்ற கேள்வி அன்றைக்கே தீர்ந்திருக்கும்.

ஒரு பல்லில் இவ்வளவு இருக்கிறதா என்று கேட்பவர்களுக்காகத்தான் இந்த வழிகாட்டி. அருங்காட்சியகத்தில் ஒரு தாடையின் முன் நிற்கும்போதோ, ஆய்வுக் கட்டுரையில் ஒரு பல்லின் படத்தைப் பார்க்கும்போதோ எதை முதலில் பார்ப்பது, எதை அடுத்துப் பார்ப்பது, எந்த இடத்தில் வாயை மூடிக்கொள்வது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் இப்போதே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். பல்லிடம் கேட்டால் சாப்பாட்டின் குணம்தான் தெரியும். கெட்டியா, நார் நாரானதா, வழுக்கி ஓடுவதா, ஓடு மூடியதா என்பது வரை அது சொல்லும். சாப்பாட்டின் பெயர் தெரிய வேண்டுமென்றால் வேறு சாட்சிகள் வர வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன.

தொடங்கும் முன்: உயிரோடிருக்கும் வாய்களைப் பாருங்கள்

சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலியில், 1976-இல் தொடங்கிய முதலைப் பண்ணை இருக்கிறது. அங்கே சதுப்புநில முதலையும் உண்டு, சொம்புமூக்கு முதலை என்கிற கரியாலும் உண்டு. இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடுங்கள். பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

சதுப்புநில முதலையின் மூஞ்சி அகலம், கனம். பற்கள் தடிமனாக, ஒன்று உயர்ந்தும் ஒன்று தாழ்ந்தும் இருக்கும். மீன், ஆமை, தண்ணீர் குடிக்க வரும் மான் என்று எது வந்தாலும் பிடித்து, அமுக்கி, உலுக்கக்கூடிய வாய் அது. கரியாலின் தாடையோ இரண்டு நீளக் குச்சிகளைச் சேர்த்து வைத்தது போல இருக்கும். நூற்றுக்கும் மேற்பட்ட மெல்லிய பற்கள் ஏறத்தாழ ஒரே உயரத்தில் வெளிப்பக்கம் சாய்ந்து, ஒன்றின் இடைவெளியில் இன்னொன்று புகுந்து நிற்கும். தண்ணீருக்குள் ஒரு தட்டைப் பக்கவாட்டில் வீசிப் பாருங்கள், பிறகு ஒரு குச்சியை வீசிப் பாருங்கள். எது சட்டென்று நகரும் என்பது கைக்கே தெரியும். மீனைப் பிடிக்கக் குச்சிதான் தோது. ஆனால் அந்தக் குச்சித் தாடையால் பெரிய இரையைப் பிடித்து முறுக்கினால் தாடைக்கே ஆபத்து. வேகத்துக்காக வலுவை விட்டுக்கொடுத்த தாடை அது.

தென் அமெரிக்காவில் நத்தை தின்னும் கெய்மன் பல்லி ஒன்று இருக்கிறது. அதன் பின்பற்கள் உருண்டையான கூழாங்கற்கள் போல இருக்கும். இலை தின்னும் இகுவானாவின் பற்கள் ஓரத்தில் பிசிறு வெட்டிய குட்டி இலைகள் போல இருக்கும். அழிந்துபோன விலங்கின் பல்லைப் பார்க்கும்போது நாம் ஒப்பிட்டுப் பார்ப்பது இவற்றோடுதான். அதனால் இவற்றைப் பார்த்துப் பழகாமல் புதைபடிவத்துக்குப் போக வேண்டாம்.

படி 1: இது ஊர்வனவின் பல்தானா?

இந்தக் கேள்வியில் சறுக்கியவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. ஜெர்மனியில், டைனோசர்கள் தோன்றிய டிரையாசிக் காலத்துப் பாறைகளில் கிடைத்த பிளாக்கோடஸ் என்ற விலங்கின் தட்டைப் பற்களை, 1833-இல் புதைபடிவ மீன்களைக் கரைத்துக் குடித்தவரான லூயி அகாசி மீன் என்றே வகைப்படுத்தினார். அது கடலில் வாழ்ந்த ஊர்வன என்று 1858-இல் ரிச்சர்ட் ஓவன்தான் திருத்தினார்.

அரியலூர்ப் பகுதிப் பாறைகளில் சுறாப் பற்களும் கிடைக்கும். சுறாப் பல்லின் அடிப்பகுதி பெரும்பாலும் இரண்டாகப் பிரிந்த அகலமான வேராக இருக்கும். சுறாவின் தாடை குருத்தெலும்பு என்பதால் அது எலும்பில் குழி தோண்டி நிற்பதில்லை. ஊர்வனவின் பல்லுக்குப் பொதுவாக ஒற்றை வேர்தான், உள்ளே குடைவாக இருக்கும். பாலூட்டிகளின் கடைவாய்ப் பல்லில் இரண்டு மூன்று வேர்கள் வரும். ட்ரைசெராடாப்ஸ் போன்ற கொம்பு டைனோசர்களின் பல்லும் வேரில் இரண்டாகப் பிரியும் என்பதால் வேரை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். கூடவே தாடை இருந்தால் சிக்கலே இல்லை: பாலூட்டியின் கீழ்த்தாடை பக்கத்துக்கு ஒரே எலும்பு, ஊர்வனவின் கீழ்த்தாடை பல எலும்புகள் சேர்ந்த ஒட்டு.

வேரே இல்லாமல் அடி குழிந்திருந்தால், அது விலங்கு உயிரோடிருக்கும்போதே உதிர்த்த பல். கீழிருந்து புதுப்பல் முளைத்துவர, பழைய பல்லின் வேர் கரைந்து, பல் விழுந்துவிடும். வேரோடு கிடைத்தால் செத்த உடம்பிலிருந்து வந்தது என்று நினைக்க இடமுண்டு. ஒரு பிணத்தைச் சுற்றி உதிர்ந்த பற்கள் கிடந்தால், அங்கே உட்கார்ந்து தின்றது யார் என்பது ஓரளவு தெரிந்துவிடுகிறது.

படி 2: பல்லின் வடிவத்தைப் படியுங்கள்

நெல் அறுக்கும் கருக்கருவாளை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? வெட்டும் ஓரத்தில் நுணுக்கமாகப் பல் வெட்டியிருப்பார்கள். வழவழப்பான கத்தி தாளின் மேல் வழுக்கும். கருக்கு வெட்டியது பிடித்து இழுத்து அறுக்கும். ஊனுண்ணி டைனோசர்களின் பல் இதே வேலைப்பாடுதான். இங்கிலாந்தின் ஸ்டோன்ஸ்ஃபீல்டில் கிடைத்த கீழ்த்தாடைத் துண்டை வைத்து வில்லியம் பக்லேண்ட் 1824-இல் மெகலோசாரஸை விவரித்தபோது, அவர் கையில் இருந்தது பின்னோக்கி வளைந்து, பக்கவாட்டில் தட்டையாகி, ஓரத்தில் கருக்கு வெட்டிய பற்கள். ஊன் அறுக்கும் பல் என்று சொல்ல அது போதும். ஒரு லென்ஸை வைத்து 5 மில்லிமீட்டருக்குள் எத்தனை கருக்குகள் என்று எண்ணுங்கள். ஆய்வாளர்கள் தனிப் பற்களை வகை பிரிக்க முதலில் எடுக்கும் அளவு இதுதான்.

கத்திப் பல்லிலும் ஜாதி உண்டு. டைரனோசாரஸ் ரெக்ஸின் பல் வேரோடு சேர்த்து 30 சென்டிமீட்டர் வரை போகும். குறுக்கே வெட்டிப் பார்த்தால் தடித்த வட்டத்தை நெருங்கும். மெல்லிய கத்தி எலும்பில் மோதினால் முறியும். இவ்வளவு தடித்த பல், எலும்பில் மோதப் போகிறோம் என்று தெரிந்தே வந்த பல்.

இலை வடிவப் பல்லின் வரலாறு இன்னும் ருசியானது. சசெக்ஸில் மருத்துவராக இருந்த கிடியன் மேண்டெல் தன்னிடம் இருந்த விசித்திரமான தேய்ந்த பற்களைப் பாரிசில் இருந்த உடற்கூறியல் அறிஞர் ஜார்ஜ் கூவியேவுக்குக் காட்டச் செய்தார். காண்டாமிருகத்தின் முன்பல் என்று முதலில் சொன்னார் கூவியே. தேய்ந்த பல் என்றால் மென்று தின்ற பல். மென்று தின்னும் ஊர்வனவை அதுவரை யாரும் கண்டதில்லை. பிறகு லண்டன் அறுவை மருத்துவர் கல்லூரி அருங்காட்சியகத்தில் சாமுவேல் ஸ்டச்பரி ஓர் இகுவானாவின் எலும்புக்கூட்டைக் காட்ட, வடிவம் பொருந்திவிட்டது. 1825-இல் இகுவானோடான், அதாவது ‘இகுவானாப் பல்’ என்று பெயர் வந்தது. கருக்குகளை உற்றுப் பார்த்தால் நீங்களும் இதைப் பிரித்துவிடலாம்: ஊனுண்ணியின் கருக்கு நுணுக்கமாக, ஓரத்துக்குச் செங்குத்தாக நிற்கும். தாவர உண்ணியின் கருக்கு பெரியதாக, பல்லின் நுனியைப் பார்த்துச் சாய்ந்து நிற்கும்.

கருக்கே இல்லாத அல்லது மிக நுணுக்கமான கருக்குள்ள கூம்புப் பல் குத்திப் பிடிப்பதற்கு. வழுக்கும் மீன், கணவாய் இவற்றைக் கடிக்கும் வாய்களில் இது வரும். உருண்டைப் பல் நசுக்குவதற்கு. மோசசார் என்ற கடல் ஊர்வனவற்றில் பெரும்பாலானவை கூரிய பல்காரர்கள் என்றாலும், குளோபிடென்ஸ் காளான் குடை போல உருண்ட பற்களோடு வாழ்ந்தது; அமெரிக்காவில் கிடைத்த ஓர் எலும்புக்கூட்டின் உள்ளே உடைந்த சிப்பி ஓடுகளே இருந்தன. நீண்ட கழுத்து டைனோசர்களில் டிப்ளோடோகஸுக்குப் பென்சில் போன்ற பல், கேமராசாரஸுக்குக் கரண்டி போன்ற பல். அர்ஜென்டினாவின் டெரோடாஸ்ட்ரோ என்ற பறக்கும் ஊர்வனவின் கீழ்த்தாடையில் சீப்புப் பல் போல ஏறத்தாழ ஆயிரம் மயிரிழைப் பற்கள்; தண்ணீரை வடிகட்டித் தின்ன.

கடல் ஊர்வனவற்றுக்கு மட்டும் தனியாக ஓர் அட்டவணையை 1987-இல் ஜூடி மசாரி கொடுத்தார். பல்லின் வடிவம், நுனியின் கூர்மை, தேய்மானம் மூன்றையும் சேர்த்துப் பார்த்து, நசுக்குவது, நொறுக்குவது, குத்துவது, வெட்டுவது என்று பிரித்தார். அவர் பிரித்தது வேலையை வைத்து என்பதைக் கவனியுங்கள். நம் குறிப்பேட்டிலும் முதல் குறிப்பு வேலையாகவே இருக்கட்டும்: ‘குத்தும் பல்’ என்று எழுதுங்கள். ‘மீன் தின்னி’ என்று இப்போதே எழுத வேண்டாம்.

படி 3: வரிசையையும் மாற்றுப் பல்லையும் பாருங்கள்

முன்னே ஒரு வகைப் பல், பின்னே வேறு வகைப் பல் என்றால் வாய்க்குள் வேலைப் பிரிவினை இருக்கிறது என்று அர்த்தம். பிளாக்கோடஸுக்கு முன்பற்கள் முளைக்குச்சி போல முன்னோக்கி நீண்டிருக்கும். பாறையில் ஒட்டிய சிப்பியைக் கெல்லி எடுக்க அவை தோதானவை. உள்ளே அண்ணத்திலேயே தட்டையான பற்கள் தளம் போட்டது போலப் பதிந்திருக்கும், உடைப்பது அங்கே.

பல்லின் உள்ளே இருக்கும் டென்டைன் நாளுக்கு ஒரு படலமாக வளரும். மரத்தின் ஆண்டு வளையம் போல இவற்றை எண்ணி, அடுத்தடுத்த இரண்டு பற்களின் வயது வித்தியாசத்தைக் கண்டால், ஒரு பல் எத்தனை நாள் வேலை பார்த்தது என்று தெரியும். டைரனோசாரஸுக்கு 777 நாள், வாத்தலகு டைனோசரான எட்மாண்டோசாரஸுக்கு 50 நாள், டிப்ளோடோகஸுக்கு 35 நாள், நைஜர் நாட்டின் நைஜர்சாரஸுக்கு 14 நாள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். தரையோடு ஒட்டி, மண்ணும் மணலுமாகத் தாவரம் மேயும் வாய்க்குப் பல் சீக்கிரம் தேயும், சீக்கிரம் மாறும். இதை மட்டும் வைத்துத் தாவர உண்ணி என்று முடிவு கட்டவும் முடியாது: மடகாஸ்கரின் மஜுங்காசாரஸ் அசல் ஊனுண்ணி, அதன் பல்லும் சுமார் 56 நாளில் மாறியது.

படி 4: தாடை ஒரு பாக்குவெட்டி

பாட்டி வீட்டுப் பாக்குவெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கொட்டைப்பாக்கை நுனியில் வைத்தால் வெட்டாது. மூட்டுக்குப் பக்கத்தில் தள்ளி வைத்தால் அதே கையழுத்தத்தில் ‘டக்’ என்று பிளக்கும். தாடையும் அப்படித்தான். நுனியில் வேகம் அதிகம், விசை குறைவு. மூட்டை நெருங்க நெருங்க வேகம் குறைந்து விசை கூடும். எலும்பு உடைக்கும் விலங்கும் ஓடு உடைக்கும் விலங்கும் பின்பல்லையே நம்பியிருப்பது அதனால்தான்.

மண்டையோட்டின் பக்கவாட்டுப் படத்தில் ஒரு அளவுகோலைப் பல்வரிசையின் மேல் வைத்துப் பின்னால் நீட்டுங்கள். தாடை மூட்டு அந்தக் கோட்டிலேயே விழுந்தால், வாய் கத்தரிக்கோல் போல பின்னிருந்து முன்னாக மூடும். ஊனுண்ணிகளில் வழக்கமாகக் காண்பது இது. மூட்டு கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் எல்லாப் பற்களும் ஒரே நேரத்தில் சந்திக்கும். தாவரத்தை அரைக்கவும் நறுக்கவும் தோதான அமைப்பு. அடுத்து, கீழ்த்தாடையின் பின்பகுதியில் மேல்நோக்கி எழும் எலும்பு மேட்டைப் பாருங்கள். தாடையை மூடும் தசை அங்கே வந்து பிடிக்கும். மேடு உயரமாக இருந்தால் தசைக்கு நெம்புகோல் நீளம் கிடைத்துவிட்டது. மண்டையோட்டின் பின்பகுதி அகலமாக, பக்கத் துளைகள் பெரிதாக இருந்தால் தசையும் நிறைய இருந்திருக்கும்.

நம் நாட்டு உதாரணம் ஒன்றைக் கொஞ்சம் நின்று பார்ப்போம், ஏனென்றால் இதைவிட நல்ல பயிற்சித் தாடை எனக்குத் தெரியாது. தெலங்கானாவில் பிராணஹிதா–கோதாவரிப் பள்ளத்தாக்கின் மலேரிப் பாறைகளில் ஹைப்பரோடாபிடான் என்ற ஊர்வனவின் புதைபடிவங்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. இதன் உறவுக்காரர்கள் ஸ்காட்லாந்திலும் பிரேசிலிலும் அர்ஜென்டினாவிலும் கிடைக்கிறார்கள். எல்லா நிலமும் ஒட்டிக்கிடந்த டிரையாசிக் காலம் அது. கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைச் சேர்ந்த புவியியலாளர்கள் மலேரியில் பல ஆண்டுகள் தேடி எடுத்தார்கள்.

இதன் மேல்தாடையைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். முன்னால் பல்லே இல்லை. எலும்பே கீழ்நோக்கி வளைந்து கிளி அலகு போல முடிகிறது. உள்ளே இருபுறமும் ஒரு பற்தட்டு. அதில் சின்னச் சின்னப் பற்கள் வரிசை வரிசையாக, சோளக் கதிரின் மணிகள் போல. தட்டின் நடுவே நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடுகிறது. கீழ்த்தாடையின் மேல் விளிம்போ கூரிய கத்தி போல எழுந்து, வாயை மூடும்போது அந்தப் பள்ளத்துக்குள் கச்சிதமாக இறங்குகிறது. மடக்குக் கத்தி தன் கைப்பிடிக்குள் மடங்குவது போல. பற்கள் எலும்போடு ஒட்டிப்போனவை; முன்னே இருப்பது தேய்ந்துபோனால் அந்த இடத்தில் மாற்று வருவதில்லை. வயது ஏற ஏற, தாடை நீள நீள, பின்னால்தான் புதுப் பற்கள் சேர்கின்றன. வெட்டும் இடமே மெல்ல மெல்ல வாயின் பின்பக்கம் நகர்கிறது.

இது எதற்கான வாய்? இவ்வளவு பல், இவ்வளவு தசை இருப்பதால் சிப்பி உடைத்தது என்று ஒரு சாரார் வாதிட்டார்கள். ஆனால் பிளாக்கோடஸின் தட்டைத் தளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உடைக்கும் வாய்க்குத் தேவை உரலும் உலக்கையும். இங்கே இருப்பது பள்ளமும் கத்தியும். பள்ளத்தில் இறங்கும் கத்தி நாரை நறுக்கும். பருத்த பீப்பாய் போன்ற உடம்பும் தாவரத்தை நிறுத்தி நொதிக்க வைக்கும் குடலுக்கு இடம் கொடுக்கிறது. ஒரே இடத்தில் இத்தனை எலும்புக்கூடுகள் கிடைப்பதும் மந்தையாக மேய்ந்த தாவர உண்ணிக்குப் பொருந்துகிறது. கெட்டியான செடிகொடிகளை அலகால் பற்றி இழுத்து, பின்தாடையால் நறுக்கித் தின்றது என்பதே என் கணிப்பும்.

தாடை எவ்வளவு அகலமாகத் திறக்கும் என்பதையும் கேளுங்கள். குஜராத்தில் டைனோசர் முட்டைக் கூட்டில் சுருண்ட நிலையில் கிடைத்த சனாஜே என்ற பாம்பு 2010-இல் விவரிக்கப்பட்டது. சுமார் 3.5 மீட்டர் நீளம். இன்றைய மலைப்பாம்பு போல வாயைப் பிளக்கும் தாடை மூட்டு அதற்கு இல்லை. முழு முட்டை உள்ளே போயிருக்காது. ஓட்டை உடைத்து வெளிவந்த, அரை மீட்டர் நீளமுள்ள குஞ்சு போயிருக்கும். பக்கத்தில் கிடந்ததும் முட்டையோடு ஒரு குஞ்சுதான்.

படி 5: தேய்மானம்

வடிவம் என்பது பரம்பரையாக வந்தது. தேய்மானம் அந்த ஒரு விலங்கு தன் வாழ்நாளில் என்ன செய்தது என்பதன் பதிவு. இரண்டும் முரண்பட்டால் நான் தேய்மானத்தின் பக்கம் நிற்பேன்.

முதலில் வெறுங்கண்ணால். நுனி உடைந்திருக்கிறதா, மழுங்கியிருக்கிறதா? பல்லோடு பல் உரசிய வழவழப்பான சாய்தளம் இருக்கிறதா? எட்மாண்டோசாரஸ் போன்ற வாத்தலகு டைனோசரின் வாயில் நூற்றுக்கணக்கான பற்கள் செங்கல் அடுக்கியது போல ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி, ஒரே அரைக்கும் பரப்பாக மாறியிருக்கும். பல்லின் மேல்பூச்சான கெட்டியான எனாமல் ஒரு பக்கம் மட்டும்: மேல்பல்லில் வெளிப்பக்கம், கீழ்ப்பல்லில் உட்பக்கம். மற்ற திசுக்கள் வேகமாகத் தேய, எனாமல் விளிம்பு மட்டும் உளி முனை போல எழுந்து நிற்கும். தேயத் தேயக் கூராகும் பல். ஆட்டுக்கல்லைக் கொத்த ஆள் வர வேண்டும். இந்தக் கல் தன்னைத்தானே கொத்திக்கொள்கிறது. பற்களில் ஆறு வகைத் திசுக்கள் இருந்தன என்று 2012-இல் காட்டினார்கள். கட்டமைப்பில் இன்றைய குதிரை, மாட்டின் கடைவாய்ப் பல்லோடு போட்டி போடும் பல் இது.

அடுத்து நுண்ணோக்கியில். நீளக் கீறல்கள் அதிகமென்றால் மணல் ஒட்டிய அல்லது நார் நிறைந்த உணவு இழுபட்டிருக்கிறது. குழிகள் அதிகமென்றால் கெட்டியான ஏதோ நசுங்கியிருக்கிறது. கீறல்களின் திசை, தாடை எந்தப் பக்கம் அசைந்தது என்பதைக் காட்டும். 2009-இல் எட்மாண்டோசாரஸ் பல்லின் கீறல்களை அளந்தபோது மேலும் கீழும் மட்டுமல்லாமல் பக்கவாட்டிலும் முன்பின்னாகவும் அசைவு இருந்தது தெரிந்தது. கேமராசாரஸ் பல்லில் கரடுமுரடான கீறல்கள், டிப்ளோடோகஸ் பல்லில் மெல்லிய கீறல்கள். ஒரே நிலத்தில் வாழ்ந்த இரண்டு ராட்சதர்கள், ஆனால் ஒரே பந்தியில் உட்காரவில்லை.

நுண்தேய்மானம் பெரும்பாலும் கடைசி நாட்களின், வாரங்களின் சாப்பாட்டையே காட்டும். செத்த பருவத்தில் என்ன கிடைத்ததோ அதுதான் அங்கே இருக்கும்.

படி 6: பல் இல்லாத வாயும், வளரும் வாயும்

பல் இல்லை என்றால் அலகு இருந்திருக்கலாம். தாடை ஓரத்தில் ரத்தக்குழாய்த் துளைகள் நிறைய இருந்தால் அங்கே கொம்புப் பொருள் உறை இருந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். வயிற்றுப் பகுதியில் வழவழத்த கற்கள் குவிந்திருந்தால் அரைவை அங்கே நடந்தது. சீனாவின் லிமுசாரஸ் என்ற டைனோசரின் குட்டிகளுக்குப் பல் உண்டு. வளர்ந்தவற்றுக்குப் பல்லே இல்லை, கற்கள் உண்டு. ராம்ஃபோரிங்கஸ் என்ற பறக்கும் ஊர்வனவின் நுண்தேய்மானத்தை இன்றைய முதலை, உடும்புப் பற்களோடு ஒப்பிட்ட 2020-ஆம் ஆண்டு ஆய்வு, குஞ்சுகள் பூச்சியும் வளர்ந்தவை மீனும் தின்றன என்று காட்டியது. ஆகவே உங்கள் கையில் இருக்கும் தாடை எந்த வயதுக்காரருடையது என்பதைக் குறிக்காமல் விடாதீர்கள்.

படி 7: மற்ற சாட்சிகளைக் கூப்பிடுங்கள்

இங்கே வந்துதான் பல ஊகங்கள் சரிந்திருக்கின்றன.

மலேரிப் பாறைகளிலேயே பாராசூக்கஸ் என்று ஒரு விலங்கு. கரியால் போல நீண்ட, ஒடுங்கிய மூஞ்சி, கூம்புப் பற்கள். நம் படிகளின்படி பார்த்தால் மீன் என்று எழுதத் தோன்றும். அருகருகே கிடைத்த இரண்டு எலும்புக்கூடுகளின் வயிற்றுப் பகுதியில் இருந்ததோ மலேரிசாரஸ் என்ற பல்லி போன்ற ஊர்வனவின் எலும்புகள். இங்கிலாந்தின் சர்ரேயில் 1983-இல் களிமண் குழியில் கிடைத்து 1986-இல் பெயர் பெற்ற பேரியோனிக்ஸும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. அதன் வயிற்றுப் பகுதியில் அமிலம் அரித்த மீன் செதில்கள் இருந்தன; கூடவே ஓர் இளம் தாவர உண்ணி டைனோசரின் எலும்புகளும் இருந்தன. நீண்ட மூஞ்சி மீனுக்குத் தோதுதான். அதற்காக மற்றதைத் தொடாது என்று எந்த விலங்கும் விரதம் இருக்கவில்லை.

கனடாவில் கிடைத்த போரியலோபெல்டா என்ற கவச டைனோசரின் வயிற்றில் பெரும்பாலும் பெரணி இலைகள் இருந்தன என்று 2020-இல் வெளியானது. கவச டைனோசர்களின் சின்ன இலை வடிவப் பல்லை மட்டும் வைத்து ‘மென்மையான தாவரம்’ என்று எழுதலாம். ‘பெரணி’ என்று எழுத வயிறு வேண்டியிருந்தது.

கல்லாகிப்போன சாணம் இன்னொரு சாட்சி. கனடாவின் சஸ்காட்சுவானில் கிடைத்து 1998-இல் கேரன் சின் குழுவினர் விவரித்த 44 சென்டிமீட்டர் நீளச் சாணம் டைரனோசாரஸுடையது என்று கருதப்படுகிறது; அதில் நொறுங்கிய எலும்புத் துண்டுகள் நிறைந்திருந்தன. டைரனோசாரஸின் தடித்த பல்லைப் பார்த்து நாம் சொன்ன ‘எலும்பில் மோதும் பல்’ என்பதற்கு இது அத்தாட்சி.

கடித்த தழும்பும் பேசும். ஒரு ட்ரைசெராடாப்ஸின் இடுப்பெலும்பில் பல கடித்துளைகள் இருந்தன. அவற்றில் பல் மருத்துவர்கள் அச்செடுக்கும் மாவை அழுத்தி எடுத்தபோது டைரனோசாரஸ் பல்லின் வடிவம் வந்தது. அந்தத் துளை விழ எவ்வளவு விசை வேண்டும் என்று 1996-இல் கணக்கிட்டு 6,410 முதல் 13,400 நியூட்டன் (விசையை அளக்கும் அலகு) என்றார்கள். தாடைத் தசையைக் கணினியில் கட்டி 2012-இல் கணக்கிட்டபோது 35,000 முதல் 57,000 நியூட்டன் வந்தது. ஏன் இவ்வளவு வித்தியாசம்? முன்னது ஒரு நாள் ஒரு எலும்பில் விழுந்த கடி. பின்னது அந்த வாயால் முடிந்த உச்சக் கடி. எண்ணைச் சொல்லும்போது எதை அளந்த எண் என்றும் சொல்ல வேண்டும்.

உயிரோடு வேட்டையாடியதா, செத்ததைத் தின்றதா? இதைப் பல் சொல்லாது. ஒரு வாத்தலகு டைனோசரின் வால் எலும்பில் டைரனோசாரஸ் பல் ஒன்று சிக்கி, சுற்றிலும் எலும்பு வளர்ந்து ஆறியிருந்தது 2013-இல் வெளியானது. ஆறிய காயம் என்றால், கடிபட்ட பிறகு அது தப்பி வாழ்ந்திருக்கிறது.

படம் மாறினால் முடிவும் மாறும்

அட்டோபோடென்டாட்டஸ் என்ற கடல் ஊர்வனவை இங்கே சொல்லியாக வேண்டும். சீனாவின் யுன்னானில் கிடைத்த நசுங்கிய மண்டையோட்டை வைத்து 2014-இல் விவரித்தபோது, மேல்தாடை நடுவில் செங்குத்தாகப் பிளந்து ஜிப்பு போலப் பல் வரிசை இறங்குவதாகத் தோன்றியது. சேற்றில் புழு தேடியது என்றார்கள். 2016-இல் நல்ல மண்டையோடுகள் கிடைத்தன. அந்தப் பிளவு பாறையின் அழுத்தத்தில் நேர்ந்த சிதைவு. உண்மையில் மூஞ்சி சுத்தியல் தலை போல அகலம். முன்விளிம்பில் உளி போன்ற பற்கள் பாறைப் பாசியைச் சுரண்ட, பின்னால் ஊசிப் பற்கள் அதை வடிகட்ட. புழு தின்னி இரண்டே ஆண்டில் பாசி தின்னியானது. தாடை நசுங்கியிருக்கிறதா, ஒரு பக்கம் இழுபட்டிருக்கிறதா என்பதை முதல் நாளே பார்த்துக் குறியுங்கள்.

பயிற்சி: மீண்டும் கல்லமேடு

ப்ருஹத்காயோசாரஸுக்குக் கிடைக்காத பல், அதே கல்லமேட்டுப் பாறைகளில் வேறு விலங்குகளுக்குக் கிடைத்தது. 2013-இல் வெளியான ஆய்வுகளில், ட்ரூடோன்டிட் என்ற, பறவை போன்ற சிறிய டைனோசர் வகையுடையது என்று விவரிக்கப்பட்ட ஒரே ஒரு பல்லும், மடகாஸ்கரின் சைமோசூக்கஸை ஒத்த முதலை உறவினத்தின் தனிப் பற்களும் உண்டு. சைமோசூக்கஸ் ஒரு மீட்டர்கூட இல்லாத, மொட்டை மூஞ்சி விலங்கு. அதன் பல் சமையலறைக் கிராம்பு போல, தலையில் பல குமிழ்களோடு இருக்கும். முதலைக் கூட்டத்தில் தாவரம் தின்றதாகக் கருதப்படும் அபூர்வப் பிறவி.

இப்போது அந்தக் கல்லமேட்டு முதலைப் பல்லுக்குக் குறிப்பேட்டில் எப்படிக் குறிப்பு எழுதுவது? நான் இப்படி எழுதுவேன்:

வடிவம்: கிராம்பு போன்றது, பல குமிழ்கள். வேலை: குத்துவதற்கோ ஊன் அறுப்பதற்கோ தோதில்லை, மென்மையான தாவரத்தைக் கடித்து நறுக்கலாம். தாடை: கிடைக்கவில்லை, மூட்டு பற்றிய எதுவும் மடகாஸ்கர் உறவினரிடமிருந்து கடன் வாங்கியது. தேய்மானம்: நுண்ணோக்கியில் பார்த்த பிறகு நிரப்ப வேண்டும். வயிறு, சாணம்: இல்லை. முடிவு: தாவரத்தின் பக்கம் சாய்வு. எந்தத் தாவரம் என்று எழுத இடமில்லை.

அரியலூர்ப் பக்கம் ஓடையோரத்தில் நீங்களே ஒரு பல்லைக் கண்டால், எடுப்பதற்கு முன் அங்கேயே அளவுகோல் வைத்துப் படம் பிடியுங்கள், எந்தப் பாறை அடுக்கு என்று குறியுங்கள், பிறகு ஒரு புவியியல் துறையிடம் காட்டுங்கள். பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துவிட மட்டும் வேண்டாம். அந்த விலங்கு கடைசியாகத் தின்றதன் கீறல்கள் அந்த எனாமல் மேல்தான் இருக்கின்றன. அவற்றுக்கு மேல் நம் கீறல் விழுந்தால், பிறகு நுண்ணோக்கியால்கூட இரண்டையும் பிரிப்பது கடினம்.